சட்டம் பயின்ற முதல் பாரதப் பெண் கார்னெலியா சொராப்ஜி

கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் அணிந்து நீதிமன்றப் படிகளில் ஏறும் பெண் வழக்கறிஞர்களைக் காணும்போது, இது என்றும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். எங்கள் எண்ணமும் அப்படித்தான் இருந்தது, சென்ற ஆண்டு வரை.

சென்ற ஆண்டு எங்கள் பெரியப்பா மகள் சட்டப் படிப்பை முடித்தார். பட்டம் வாங்கிய மறுநாளே வக்கீல் ஆகிவிடலாம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். படிப்பு வேறு, தொழில் வேறு என்பது அப்போதுதான் விளங்கிற்று. அனுபவம் வாய்ந்த ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்து, மனு எழுதவும், வாய்தா தேதிகளைக் குறித்து வைக்கவும், கட்சிக்காரரிடம் பொறுமையாகப் பேசவும் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அக்கா சான்றிதழ்க் கட்டுடன் மூன்று மாதங்கள் அலைந்தார். ஓர் அலுவலகத்தில் தகப்பனார் என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். தையற்கடை வைத்திருக்கிறார் என்றதும் பேச்சு முடிந்துவிட்டது. தெரிந்தவர் யாராவது இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும் என்று பெரியப்பா பெருமூச்சு விட்டார். சிபாரிசு பிடித்து வாங்குகிற இடம் நமக்கு எதற்கு என்று அக்கா கோபித்துக்கொண்டார். எங்களுக்கும் அக்கா சொன்னதே நியாயமாகப் பட்டது.

அந்த நாட்களில்தான் பள்ளி நூலகத்தில் கார்னெலியா சொராப்ஜி அம்மையாரின் வாழ்க்கையைப் படித்தோம். படித்து முடித்தபோது எங்கள் எண்ணம் சற்றே தடுமாறியது.

கார்னெலியா 1866-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் நாசிக் நகரில் பிறந்தார். தந்தை சொராப்ஜி கர்செட்ஜி பார்சி குலத்தில் தோன்றிக் கிறிஸ்தவம் தழுவியவர், சமய ஊழியர். தாய் பிரான்சினா அம்மையார் ஓர் ஆங்கிலேயத் தம்பதியரால் வளர்க்கப்பட்டவர். அந்த வளர்ப்புத் தாயின் பெயரையே தம் மகளுக்கும் இட்டார். குடும்பத்தில் பெண் குழந்தைகள் பலர், ஆண்பிள்ளை ஒருவரே. ஆயினும் பெண்கள் பாரம் என்ற பேச்சு அந்த வீட்டில் எழவே இல்லை. பூனாவில் பிரான்சினா அம்மையார் பள்ளி நடத்தி வந்தார். எல்லாச் சமூகத்துப் பெண்களும் குறை சொல்லி அழுவதற்கும் யோசனை கேட்பதற்கும் அவரைத் தேடி வருவார்கள்.

அப்படி வந்தவர்களுள் ஒருத்தி ஒரு குஜராத்திக் கைம்பெண். அவளுடைய சொத்துகளைக் கவனித்து வந்த காரியஸ்தன், அவளுக்குப் புரியாத தஸ்தாவேஜில் கையெழுத்து வாங்கி உடைமையைப் பறித்துக்கொண்டான். அந்நிய ஆடவரோடு பேசக்கூடாது என்ற கட்டுப்பாட்டில் வாழ்ந்தவள் எந்த வக்கீலிடம் போவாள்? அவளுக்குத் தெரிந்த ஒரே வெளியுலக மனிதன் அந்தக் காரியஸ்தன்தான், அவனே வஞ்சகன். சிறுமி கார்னெலியாவின் மனத்தில் இது ஆழப் பதிந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு உதவ வேண்டுமானால் சட்டம் படிக்க வேண்டும் என்று தாயார் சொல்ல, மகளும் அவ்வாறே உறுதி பூண்டார்.

பூனா தக்காணக் கல்லூரியில் ஆடவர் நடுவே தனியொரு பெண்ணாகச் சேர்ந்து படித்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி என்ற புகழும் பெற்றார். தேர்வில் அவர் அடைந்த இடத்துக்கு இங்கிலாந்து சென்று மேற்படிப்புப் படிக்க அரசாங்க உதவித்தொகை கிடைக்க வேண்டும். ஆனால் அது பெண்ணுக்கு உரியதன்று என்று மறுத்துவிட்டார்கள். மதிப்பெண் இருந்தது, தகுதி இருந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை. வேறொரு பெண்ணாயிருந்தால் அழுதுவிட்டு அடங்கியிருப்பாளோ என்னவோ, இவர் 1888-இல் அகமதாபாத் குஜராத் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்று, தம் வயதொத்த இளைஞர்களுக்கே ஆங்கிலம் கற்பிக்கலானார். அதோடு தம் வழக்கைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதியும் வந்தார்.

அவ்வாறு எழுதப்பெற்றவர்களில் முக்கியமானவர் ஹாப்ஹவுஸ் பிரபுவின் மனைவி மேரி ஹாப்ஹவுஸ். இவருடைய கணவர் 1872 முதல் 1877 வரை வைஸ்ராயின் ஆலோசனைச் சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர். பின்னர் இலண்டனில் பிரிவி கவுன்சில் நீதிக்குழுவில் அமர்ந்தவர். மேரி அம்மையார் 1888-இல் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, இந்திய மாணவியின் படிப்புக்கு நிதி திரட்டினார். கொடுத்தவர்களுள் செவிலியர் திலகம் பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் ஒருவர். அரசாங்கம் மறுத்ததை அன்பர்கள் கொடுத்தார்கள். 1889-இல் கார்னெலியா கப்பலேறி, ஆக்ஸ்போர்டில் பெண்களுக்கென ஏற்பட்டிருந்த சாமர்வில் மண்டபத்தில் சேர்ந்தார்.

இங்கே எங்கள் அக்காவின் கேள்வி குறுக்கே வருகிறது. இதுவும் சிபாரிசுதானே? ஆம், சிபாரிசுதான். ஆக்ஸ்போர்டில் அவர் பெற்றவற்றில் பெரும்பகுதி அப்படி வந்ததே. பாலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் முதியவர், பேரறிஞர். தகுதியுள்ள இளைஞரைப் பெரிய மனிதர்களோடு ஒரே மேசையில் உட்கார வைத்து அறிமுகம் செய்துவைப்பதில் வல்லவர். அவர் கார்னெலியாவைத் தம் மகள் போல் பாவித்தார். ஆல் சோல்ஸ் கல்லூரித் தலைவர் சர் வில்லியம் ஆன்சன், அந்தக் கல்லூரியின் காட்ரிங்டன் சட்ட நூலகத்தைப் பயன்படுத்த இவருக்கு அனுமதி தந்தார். முதலில் ஆங்கில இலக்கியம் பயின்றவர், பின்பு தம் உள்ளம் விரும்பிய சட்டத்துக்கு மாறியதும் இத்தகையோர் துணையால்தான்.

ஆனால் விருந்துக்கு அழைத்தவர்கள் எல்லாரும் அவருடைய அறிவுக்காகவே அழைத்தார்கள் என்று நாங்கள் நம்பவில்லை. பட்டுப் புடவை உடுத்து, அழகிய ஆங்கிலம் பேசும் இந்தியப் பெண் அந்நாளைய இங்கிலாந்தில் ஒரு வேடிக்கை. காட்சிப் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தவர்களும் உண்டு. அதை அவர் உணர்ந்தே இருந்தார். உணர்ந்தும் முகம் சுளிக்காமல், கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அந்தப் பழக்கத்தைத் தம் படிப்புக்குப் படியாக்கிக்கொண்டார். இது எங்களால் முடியுமா என்று எங்களையே கேட்டுக்கொண்டோம். முடியும் என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

1892-இல் பி.சி.எல். என்னும் உயர் சட்டத் தேர்வு வந்தது. பெண்கள் அதை எழுத விதியில் இடமில்லை. பல்கலைக்கழகம் அவருக்காகவே தனித் தீர்மானம் நிறைவேற்றி அனுமதித்தது. அந்தத் தேர்வை எழுதிய முதல் பெண் கார்னெலியாவே. மூன்றாம் வகுப்பில் தேறினார். பட்டம் கிடைத்ததா? இல்லை. தேர்வு எழுதலாம், தேறலாம், பட்டம் மட்டும் பெண்ணுக்குக் கிடையாது என்பதே அன்றைய ஆக்ஸ்போர்டு முறை.

இனித்தான் எங்கள் அக்கா நின்ற அதே வாசலில் கார்னெலியாவும் நிற்கிறார். ஏட்டுப் படிப்பு முடிந்துவிட்டது, தொழில் பழக வேண்டும். இங்கிலாந்தில் வக்கீல்கள் இருவகையினர். நீதிபதி முன் நின்று வாதாடுகிறவர் பாரிஸ்டர். கட்சிக்காரரைச் சந்தித்து, உயில், கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம் முதலியவற்றை எழுதி, வழக்குக்கு வேண்டிய காகிதங்களை ஆயத்தம் செய்கிறவர் சொலிசிட்டர். சொலிசிட்டர் ஆக விரும்பும் இளைஞன் ஒரு சொலிசிட்டரிடம் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்துச் சில ஆண்டுகள் பணி பழக வேண்டும். அதற்குச் சம்பளம் கிடையாது. பழகுகிறவனே முன்பணமாகப் பெருந்தொகை கட்டுவது வழக்கம். ஆகவே அந்த இடங்கள் பெரும்பாலும் சொலிசிட்டர்களின் பிள்ளைகளுக்கும், உறவினர், நண்பர் வீட்டுப் பிள்ளைகளுக்குமே போய்ச் சேர்ந்தன. ஆணுக்கே இப்படியென்றால், பெண்ணுக்கு அந்த ஒப்பந்தமும் கிடையாது. இங்கிலாந்தில் 1919-இல் சட்டம் மாறிய பிறகுதான் பெண்கள் சொலிசிட்டர்களாகவும் பாரிஸ்டர்களாகவும் வர வழி பிறந்தது. கார்னெலியாவுக்கு அது இருபத்தேழு ஆண்டு தொலைவிலிருந்தது.

அப்படியிருந்தும் அவருக்கு இடம் கிடைத்தது. இலண்டனில் லிங்கன்ஸ் இன் பீல்ட்ஸ் என்னும் வக்கீல்கள் நிறைந்த சதுக்கத்தில், லீ அண்டு பெம்பர்ட்டன் என்ற பழம்பெரும் சொலிசிட்டர் நிறுவனம் அவரைப் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது. விளம்பரம் பார்த்து விண்ணப்பம் போட்டுப் பெற்ற இடமன்று. சட்ட உலகில் பெயர் பெற்றவர்கள் அவரை அறிந்திருந்தார்கள். இந்தப் பெண் உண்மையாக உழைப்பவள் என்று சொல்வதற்கு ஆள் இருந்தது. அதனால் திறந்த கதவு அது. லிங்கன்ஸ் இன் நூலகத்திலும் பெண் வாசகராக முதன்முதலில் அவருக்கே இடம் கொடுத்தார்கள்.

நாங்கள் இந்த இடத்தை இரண்டு முறை படித்தோம். அறிமுகம் செய்ய முடிந்தது எது, முடியாதது எது என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது. அறிமுகத்தால் ஒரு நாற்காலி கிடைத்தது, மேசை கிடைத்தது, பத்திரம் எழுதும் நுட்பத்தைக் கற்பிக்க ஆள் கிடைத்தது. சொலிசிட்டர் என்ற பெயரை வாங்கித் தர எந்தப் பிரபுவாலும் முடியவில்லை. விதி அப்படியே நின்றது. அதே ஆண்டுகளில் கத்தியவாரிலிருந்து சென்ற மோகன்தாஸ் காந்தி என்ற இளைஞர் இலண்டனில் சட்டம் பயின்று 1891-இல் பாரிஸ்டர் ஆகித் தாயகம் திரும்பினார். ஊரில் தொழில் சரியாக நடக்காமல், 1893-இல் அண்ணனுக்குத் தெரிந்த வணிகர்கள் மூலம் கிடைத்த வேலைக்காகத்தான் அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். அறிமுகம் அவருக்கும் வேண்டியிருந்தது. ஆனால் விதி அவரைத் தடுக்கவில்லை.

1893-இல் கார்னெலியா நாடு திரும்பினார். பட்டமும் இல்லை, சன்னதும் இல்லை. கத்தியவார், குஜராத் சமஸ்தானங்களில் சிறப்பு அனுமதி பெற்றுச் சில வழக்குகளை நடத்தினார். அவற்றுள் ஒன்று மிக வேடிக்கையானது. தம் நினைவு நூலில் அவரே எழுதியிருக்கிறார். ஒரு யானையின் பராமரிப்புக்காக விடப்பட்டிருந்த மாந்தோப்பை ராஜா பிடுங்கிக்கொண்டார். யானையின் சார்பில் வாதாடப் போனவர் கார்னெலியா. தீர்ப்புச் சொல்பவரும் அந்த ராஜாவே! வாதத்தை அவர் கேட்கவேயில்லை. தம் நாய்க்கு இந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆகவே வழக்கு இவர் பக்கம் என்று முடித்துவிட்டார். எங்கள் வகுப்பில் இதைப் படித்தபோது எல்லாரும் சிரித்தோம். கார்னெலியாவுக்கு அது சிரிப்பாக இல்லை. இரவெல்லாம் கண்விழித்துத் தயார் செய்த வாதம் நாயின் வாலாட்டலுக்குச் சமமாகிவிட்டால், படித்தவருக்கு அது வெற்றியாகுமா? சிபாரிசு பற்றி நாம் என்ன சொன்னாலும் இந்த நாயையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது.

1896-இல் பூனாவில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காக வாதாடி, பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் தோன்றிய முதல் பெண்மணி ஆனார். பம்பாயில் எல்.எல்.பி. தேறினார். அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் வக்கீல் தேர்விலும் தேறினார். ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் சன்னது இல்லை என்ற பதிலே வந்தது.

வாயிற்கதவு திறக்காதபோது வேறொரு வாசலை அவரே அமைத்தார். வட இந்தியாவில் ஜமீன்தார் குடும்பப் பெண்கள் பர்தா என்னும் திரைக்குப் பின்னே வாழ்ந்தார்கள். நம் பக்கத்தில் இதைக் கோஷா என்பார்கள். சென்னைத் திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்ற பெயரை நம் பாட்டிமார் அறிவார்கள். இப்பெண்கள் சிலருக்குப் பெருஞ்சொத்து உண்டு. ஆனால் கணக்குக் கேட்க வாய் இல்லை. மைனர்கள், இத்தகைய பெண்கள் ஆகியோரின் சொத்துகளை நிர்வகிக்கக் கோர்ட் ஆப் வார்ட்ஸ் என்ற அரசாங்க அமைப்பு இருந்தது. அதன் அதிகாரிகள் ஆடவர்; அந்தப்புரத்துக்குள் போக முடியாது. திரைக்கு இருபுறமும் செல்லக்கூடிய ஒரு பெண் சட்ட ஆலோசகர் வேண்டும் என்று கார்னெலியா 1902-இல் அரசாங்கத்துக்கு எழுதினார். பழைய இலண்டன் நண்பர்களும் ஆதரவாகப் பேசினார்கள். 1904-இல் வங்காளக் கோர்ட் ஆப் வார்ட்ஸில் அவருக்குப் பதவி கிடைத்தது. வங்காளம், பீகார், ஒரிஸா, அஸ்ஸாம் எங்கும் பல்லக்கிலும் படகிலும் இரயிலிலும் பயணம் செய்து 1922 வரை உழைத்தார். அறுநூறுக்கு மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் அவரால் பயன் பெற்றார்கள் என்று சொல்வார்கள். 1909-இல் கெய்சர்-இ-ஹிந்து தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது.

அந்த வேலை வெறும் சட்ட வேலையாக மட்டும் இருக்கவில்லை. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சம்மதிக்க வைப்பது, மாமியார் மருமகள் பூசலை ஆற்றுவது, நோயாளிக்கு மருத்துவரை வரவழைப்பது என எல்லாம் சேர்ந்ததே அது. கார்னெலியா சிறுமியாக இருந்தபோது தாயைத் தேடி வந்த அந்தக் கைம்பெண்ணுக்குத் தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. இப்போது அத்தகைய பெண்களுக்குத் தெரிந்தவராகக் கார்னெலியா இருந்தார்.

காலம் மெல்ல மாறியது. 1921-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரை வக்கீலாகப் பதிவு செய்தது. 1922-இல் ஆக்ஸ்போர்டு தன் பட்டத்தைக் கொடுத்தது. தேர்வு எழுதி முப்பது ஆண்டு கழித்து, ஐம்பத்தைந்தாம் வயதில்! 1923-இல் இந்தியாவில் பெண்கள் வழக்கறிஞராகத் தடையில்லை என்று சட்டம் வந்தது. 1924-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார். ஆனால் அங்கே பெரும்பாலும் சட்ட அபிப்பிராயம் எழுதும் வேலையே வந்தது. நின்று வாதாடும் வழக்குகளை ஆடவர்கள் அவரிடம் விடவில்லை. வாழ்நாள் முழுதும் காத்திருந்த இடம் அவ்வளவுதான் கொடுத்தது.

அவரைப் பற்றி மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. நாடு முழுதும் விடுதலை வேட்கையில் கொதித்தபோது கார்னெலியா ஆங்கில ஆட்சியின் பக்கமே நின்றார். காந்தியடிகளின் இயக்கத்தை அவர் ஏற்கவில்லை. 1927-இல் நம் நாட்டை இழிவுபடுத்தி அமெரிக்கப் பெண்மணி காதரின் மேயோ எழுதிய நூலையும் ஆதரித்தார். அதனால் தோழியர் பலரை இழந்தார். இதைப் படித்தபோது எங்களுக்கு வருத்தமாக இருந்தது. உதவி செய்தவர்கள் எல்லாரும் ஆங்கிலேயராக இருந்தபடியால் அவர் கண்ணும் அவர்கள் பார்த்த திசையையே பார்த்ததோ என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். அப்படி மட்டும் இருக்காது, அவர் எண்ணம் அவருடையதுதான் என்றாள் இன்னொருத்தி. இந்த விவாதம் மதிய உணவு மணி அடிக்கும் வரை முடியவில்லை.

பின்னாளில் இலண்டனில் குடியேறி, 1954-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் தம் எண்பத்தேழாம் வயதில் மறைந்தார். அவர் நூல் எடுத்துப் படித்த அதே லிங்கன்ஸ் இன்னில் 2012-இல் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள்.

கார்னெலியாவின் கதையை நாங்கள் அக்காவுக்குச் சொன்னோம். யானை, நாய்க் கதைக்கு மட்டும் சிரித்தார், வேறொன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம் ஒரு கடிதம் எழுதினார். அவர் கல்லூரிக்கு ஒருமுறை வந்து பெண்களின் சொத்துரிமை பற்றிப் பேசிய ஒரு பெண் வழக்கறிஞருக்கு, அன்றைய பேச்சில் தமக்கு எழுந்த ஒரு சந்தேகத்தையும் கேட்டு, பயிற்சிக்கு இடமிருக்குமா என்றும் கேட்டு எழுதினார். பதில் வரப் பதினைந்து நாள் ஆயிற்று. நேரில் வரச் சொல்லியிருந்தது. தகப்பனார் என்ன செய்கிறார் என்று அந்த அம்மையார் கேட்கவில்லையாம். ஒரு கிரயப் பத்திரத்தைக் கையில் கொடுத்து, வாசலில் உட்கார்ந்திருந்த, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு அதை வரிவரியாகப் படித்துப் புரிய வைக்கச் சொன்னாராம். அக்கா படித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. நான்காவது பக்கத்தில் பாட்டி கையை உயர்த்தி நிறுத்தி, கிணற்றையும் சேர்த்து விற்பதாக நான் சொல்லவே இல்லையே அம்மா என்றாளாம்.